வீட்டில் ஆஹி போக்கே: மசாலாவை விடுங்கள், மீனைப் பாருங்கள்

ஹவாயின் ஹொனலுலுவில் சாப்பிட்ட ஆஹி போக்கே (டூனா, அதாவது சூரை மீனைப் பச்சையாகத் துண்டு போட்டு உப்பும் எண்ணெயும் போட்டுப் பிசைவது) மாதிரி கலிஃபோர்னியாவில் உங்கள் வீட்டில் செய்ய முடியுமா, எந்த மீனை வாங்குவது, பச்சையாகச் சாப்பிட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாதா, அந்த மசாலாவில் என்னதான் போடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். மீன் நறுக்கத் தயாராகிவிட்டால் அரை மணி நேர வேலைகூட இல்லை, அடுப்பும் சோற்றுக்கு மட்டும்தான். ஆனால் நீங்கள் கடைசியாகக் கேட்ட மசாலாதான் இதில் ஆகச் சின்ன விஷயம். இணையத்தில் கிடைக்கிற செய்முறைகளில் பாதிக்கு மேல் இஞ்சி, பூண்டு, தேன், வினிகர், எலுமிச்சை என்று ஒரு கை சாமான் பட்டியல் போட்டுவிட்டு, மீனைப் பற்றி மட்டும் 'நல்ல டூனா அரை கிலோ' என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. அது தலைகீழ். மீன் சரியாக இருந்தால் உப்பும் எண்ணெயும் போதும், மீன் சரியில்லை என்றால் எந்த சாஸும் அதைக் காப்பாற்றாது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். மற்ற ஊர்க் கடைகளில் சோற்றுக்கு மேல் மாம்பழம், மக்காச்சோளம், அவகாடோ, பொரித்த வெங்காயம், மூன்று விதமான சாஸ் என்று அடுக்கித் தருவதும் போக்கே என்ற பெயரில்தான் ஓடுகிறது. அது தப்பில்லை, பசிக்கு நன்றாகவே இருக்கும். ஹவாயில் போக்கே என்றால் மீன், அவ்வளவுதான். ஃபுட்லேண்ட் மாதிரி சூப்பர்மார்க்கெட்டுகளில் கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாகக் கலந்து வைத்திருப்பார்கள், ருசி பார்க்கக் கேட்டால் ஒரு துண்டு தருவார்கள், பிறகு பவுண்டு கணக்கில் எடைபோட்டு டப்பாவில் அள்ளிக் கொடுப்பார்கள். சோறு வேண்டுமானால் அது தனி.

வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்னாலேயே அந்தத் தீவுக்காரர்கள் கரையோர மீனையும் அக்கு என்கிற சூரையையும் துண்டு போட்டு, கடலுப்பு, லிமு என்கிற கடற்பாசி, வறுத்து இடித்த குக்குயி கொட்டை ஆகியவற்றோடு பிசைந்து சாப்பிட்டு வந்தார்கள். அக்கு வேறொன்றும் இல்லை, மாலத்தீவில் மாசிக் கருவாடு போடுகிற அதே சூரை. 1885 முதல் கரும்புத் தோட்ட வேலைக்கு ஜப்பானியர்கள் ஒப்பந்தத்தில் வரத் தொடங்கினார்கள்; சோயா சாஸ், அதாவது அங்கே எல்லோரும் சொல்கிற ஷோயு, அவர்களோடு வந்தது. வறுத்த எள்ளெண்ணெய் சீனர், கொரியர் சமையலறை வழியாக உள்ளே நுழைந்தது. கடைக்குக் கடை ஆஹி போக்கே கிடைப்பதெல்லாம் 1970கள் வாக்கில் வந்த பழக்கம்தான். 1990களின் தொடக்கத்தில் சாம் சாய் என்ற சமையல்காரர் போக்கே போட்டி நடத்த ஆரம்பித்ததும் வகைகள் பெருகின. ஆகவே எது அசல் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்குப் பிடித்தது இரண்டு: பழைய உப்பு-லிமு வகை, அப்புறம் ஷோயு வகை.

சரி, மீனுக்கு வருவோம். ஆஹி என்று அங்கே சொல்வது இரண்டு மீன்களை: மஞ்சள் துடுப்புச் சூரை, பெரிய கண் சூரை. கோடையில் மஞ்சள் துடுப்பு அதிகம் வரும், சதை மெலிந்து சுத்தமான சிவப்பாக இருக்கும். குளிர்காலத்தில் பெரிய கண் சூரை, அதில் கொழுப்பு கூடுதல். போக்கேவுக்கு இரண்டுமே சரி. புத்தாண்டுக்குப் பச்சை மீன் சாப்பிடும் வழக்கம் அங்கே இருப்பதால் டிசம்பர் கடைசியில் விலை எகிறிவிடும், அந்த வாரம் வாங்காமல் இருப்பது புத்திசாலித்தனம்.

சூரைக்குப் பெரும்பாலான மீன்களுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. அதன் உடம்பு சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சூடாக இருக்கும், ஏனென்றால் தசையில் உண்டாகும் வெப்பம் வெளியே போகாதபடி அதன் ரத்தக் குழாய்கள் பக்கம் பக்கமாக ஓடி அந்தச் சூட்டை உள்ளேயே திருப்பி அனுப்புகின்றன. தூண்டிலில் மாட்டி நீண்ட நேரம் போராடினால் இன்னும் சூடேறும், சதையில் அமிலம் சேரும், சிவப்பு போய் வெளிறி, நீர் விட்டு, லேசான புளிப்போடு வாயில் கரகரக்கும். ஜப்பானியர் அதை யாக்கே என்பார்கள். அதனால்தான் படகில் ஏற்றிய உடனே ரத்தத்தை வடித்து, குடலெடுத்து, ஐஸில் புதைப்பது அவ்வளவு முக்கியம். ஹொனலுலு துறைமுகத்தில் 38ஆம் நம்பர் துறையில் ஞாயிறு தவிர தினமும் விடிகாலை ஐந்தரைக்கு ஏலம் தொடங்கும். மீன்களைக் குவியலாக விற்பதில்லை, ஒவ்வொன்றாகத்தான். ஒவ்வொரு மீனின் வால் பக்கமும் ஒரு வெட்டுப் போட்டு உள்சதையைத் திறந்து வைத்திருப்பார்கள்; வாங்குகிறவர்கள் குனிந்து டார்ச் அடித்து நிறத்தையும் பளபளப்பையும் பார்த்து, துளி எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்துக் கொழுப்பைப் பார்த்து, அப்புறம்தான் விலை சொல்வார்கள். அந்த மீனும் நேற்றுப் பிடித்ததாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீள்தூண்டில் படகுகள் கடலில் இரண்டு மூன்று வாரம் இருந்துவிட்டுத்தான் திரும்பும், முதல் நாள் மாட்டிய மீன் அத்தனை நாளும் ஐஸில் இருந்திருக்கும். எத்தனை நாள் ஆச்சு என்பதைவிட, அத்தனை நாளும் சில்லென்றே இருந்ததா என்பதுதான் கேள்வி.

இப்போது வயிற்றுக் கேள்வி. பச்சை மீன் ஆபத்து என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் மூன்று தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன, ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது.

முதலாவது ஒட்டுண்ணிப் புழு. பச்சையாகப் பரிமாறும் மீனை மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் வைக்க வேண்டும், அல்லது மைனஸ் 35இல் கல்லாக உறையவைத்து 15 மணி நேரம் வைக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு விதி சொல்கிறது. ஆனால் மஞ்சள் துடுப்பு, பெரிய கண், நீலத் துடுப்பு, அல்பகோர் போன்ற பெரிய சூரைகளுக்கு அதே விதியில் விலக்கு உண்டு, அவற்றின் சதையில் இந்தப் புழுத் தொல்லை அவ்வளவு அரிது. அக்குவுக்கு அந்த விலக்கு கிடையாது, கடலில் பிடித்த சால்மனுக்கும் கிடையாது. ஆக, ஆஹி வாங்கினால் புழுவைப் பற்றிய கவலையைப் பெரும்பாலும் ஓரமாக வைக்கலாம்.

இரண்டாவதுதான் சூரைக்கே உரியது, ஹிஸ்டமின். சூரைச் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிக அதிகம். மீன் சூட்டில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அப்படி ஆன மீனைச் சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவந்து எரியும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும், அரிப்பு வரும்; மீன் ஒவ்வாமை என்றே பலர் நினைத்துக்கொள்வார்கள். இதில் கொடுமை என்னவென்றால் ஹிஸ்டமின் உருவாகிவிட்டால் உறையவைத்தாலும் போகாது, வறுத்தாலும் குழம்பு வைத்தாலும் போகாது. மணத்திலும் எப்போதும் தெரியாது. நாக்கில் மிளகு வைத்த மாதிரி சுரீர் என்றால் உடனே துப்பிவிட்டு மீதியைக் குப்பையில் போடுங்கள். தடுக்க ஒரே வழி, படகிலிருந்து உங்கள் தட்டு வரை 4 டிகிரிக்கு மேல் ஏறவிடாமல் இருப்பது.

மூன்றாவது, கையாளும் இடத்திலிருந்து ஒட்டிக்கொள்ளும் கிருமிகள். உறையவைப்பது புழுவைத்தான் கொல்லும், பாக்டீரியாக்களும் வைரஸ்களும் பெரும்பாலும் குளிரில் சும்மா படுத்திருந்துவிட்டுப் பிறகு எழுந்துகொள்ளும். 2016இல் ஹவாயில், உறைந்து இறக்குமதியான ஸ்காலப் சிப்பியைப் பச்சையாகப் பரிமாறியதில் 292 பேருக்கு ஹெபடைட்டிஸ் ஏ வந்தது. எனவே நறுக்கிப் பொதிந்து விற்கும் மலிவு 'போக்கே கட்'டுகளை நான் வாங்குவதில்லை. எத்தனை கை, எத்தனை மேசை, எத்தனை கத்தி பட்டதோ. முழுக் கட்டியாக வாங்கி நானே நறுக்குவேன். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். பெரிய கண் சூரையில் பாதரசமும் கூடுதல், மற்றவர்களும் அதை வாராவாரம் சாப்பிடுகிற பண்டமாக்கிக்கொள்ள வேண்டாம்.

கடையில் 'சூஷி கிரேடு', 'சஷிமி கிரேடு' என்று எழுதியிருக்குமே, அதற்கு அமெரிக்காவில் சட்டப்படி எந்த வரையறையும் இல்லை. கடைக்காரர் பச்சையாகச் சாப்பிடலாம் என்று நம்பி ஒட்டும் சீட்டு, அவ்வளவே. அதனால் சீட்டைவிட கடையைப் பாருங்கள். ஜப்பானிய, கொரிய சூப்பர்மார்க்கெட்டுகளில் சஷிமிக்கென்றே செங்கல் வடிவில் வெட்டிய சூரைக் கட்டி வைத்திருப்பார்கள், அங்கே சரக்கு வேகமாக நகரும். சாதாரண மீன் கடையில், 'இதைப் பச்சையாகச் சாப்பிடப் போகிறேன், கொடுப்பீர்களா' என்று நேராகக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுவார், மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள்.

நிறத்தை வைத்து ஏமாறாதீர்கள். தர்ப்பூசணி நிறத்தில், ஓரம் முதல் நடு வரை ஒரே சீராகப் பளிச்சென்று இருக்கும் டூனா பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு வாயு அல்லது அது கலந்த வடிகட்டிய புகை காட்டியது. மீனின் சிவப்புக்குக் காரணமான மையோகுளோபினோடு அந்த வாயு ஒட்டிக்கொண்டு நிறத்தைப் பிடித்து வைத்துவிடும், மீன் பழசானாலும் முகம் காட்டாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குத் தடை, அமெரிக்காவில் அனுமதி உண்டு, ஹவாய்க் கடைகளிலேயே 'முன்பு உறையவைத்தது' என்று எழுதி விலை குறைத்து விற்கும் போக்கே பலதும் இந்த ரகம்தான். அது விஷம் இல்லை, ஆனால் கண்ணால் தரம் பார்க்கும் வாய்ப்பு நமக்குப் போய்விடுகிறது. வாயு காட்டாத மீன் அடர்சிவப்பாகவும், ஓரங்களில் கொஞ்சம் பழுப்பேறியும் இருக்கலாம். பழுப்பு என்பது காற்றுபட்டதன் அடையாளம், கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. வெட்டிய பரப்பில் எண்ணெய்ப் படலம் மாதிரி வானவில் நிறம் மின்னுவதும் நார்களில் ஒளி சிதறுவதால்தான். பார்க்க வேண்டியது: சதை கொஞ்சம் ஒளி ஊடுருவுகிறதா, அழுத்தினால் மீள்கிறதா, தட்டில் நீர் கோத்து நிற்கிறதா. கடல் வாசனை மட்டும் இருக்கலாம், மீன் நாற்றம் இருக்கக் கூடாது.

உங்களைப் போல மெயின்லாந்தில், அதாவது ஹவாய்த் தீவுகளுக்கு வெளியே அமெரிக்காவில், இருப்பவர்களுக்கு என் யோசனை, ஐஸில் வைத்த 'ஃப்ரெஷ்' மீனைத் தேடி அலையாமல் நன்றாக உறையவைத்த கட்டியையே வாங்குங்கள் என்பதுதான். சஷிமிக்கான நல்ல சரக்கு மைனஸ் 60 டிகிரியில் உறையவைத்தது. வீட்டு ஃப்ரீஸர் மைனஸ் 18தான், அங்கே வாரக்கணக்கில் போட்டால் பழுப்பாகிவிடும், அதனால் வாங்கிய ஓரிரு நாளில் செய்துவிடுங்கள். உருக்குவதற்கு முன் வெற்றிட உறையைக் கட்டாயம் கிழித்துவிட வேண்டும், காற்றில்லாத பொதிக்குள் மெல்ல உருகும்போது பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில், 40 டிகிரி போதும், 30 கிராம் உப்பைக் கரைத்து, உறைந்த கட்டியை அதில் மூன்று நான்கு நிமிடம் முக்கி, மேலே ஒட்டிய பனியும் தூளும் கரைந்ததும் எடுத்துக் குளிர்ந்த நீரில் சட்டென அலசி, பேப்பர் டவலில் இறுக்கிச் சுற்றி, தட்டில் வைத்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் விட்டுவிடுங்கள். சில மணி நேரத்தில் வெளியே மென்மையாகவும் நடுவில் இன்னும் லேசாக இறுகியும் இருக்கும், நறுக்க அதுதான் சரியான பதம். உப்புத் தண்ணீர் போடாமல் அப்படியே உருகவிட்டால் சிவப்பு நீர் வடிந்து சதை தொளதொளத்துவிடும்.

நறுக்கும்போது கருஞ்சிவப்பான ரத்தப் பகுதி இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள், இரும்பை நக்கிய மாதிரி ருசிக்கும் (பூனை இருந்தால் அதற்குக் கொண்டாட்டம்). வெள்ளைக் கோடாக ஓடும் நார் வால் பக்கத்துத் துண்டில் அதிகம், வாயில் மெல்லவே முடியாது. அந்த இடத்தில் நறுக்காமல் கரண்டியால் நாரின் மேல் சுரண்டினால் சதை மட்டும் வழித்துக்கொண்டு வரும், அதைக் காரமான மயோனைஸ் கலந்த போக்கே வகைக்கு வைத்துக்கொள்ளலாம். மீதியை நாருக்குக் குறுக்காக, ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டுங்கள். கத்தியை அழுத்தாமல் ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும், முன்னும் பின்னும் அறுத்தால் பரப்பு கிழிந்து மசாலாத் தண்ணீர் முழுக்க உள்ளே போய்விடும். பாத்திரத்தை முன்பே ஃப்ரீஸரில் வைத்துக் குளிரவிட்டு, இன்னொரு பெரிய பாத்திரத்தில் ஐஸ் போட்டு அதன் மேல் வைத்துக் கலக்குங்கள்.

450 கிராம் மீனுக்கு ஷோயு வகையின் கணக்கு: கல்லுப்பு கால் டீஸ்பூன், ஷோயு ஒன்றரை டேபிள்ஸ்பூன், வறுத்த எள்ளெண்ணெய் ஒரு டீஸ்பூன், இனிப்பு வெங்காயம் கால் பாகம் மெல்லிய சீவலாக, வெங்காயத்தாள் இரண்டு, சின்னச் சிவப்பு மிளகாய் ஒன்று பொடியாக. ஹவாயில் மாவி தீவு வெங்காயம் போடுவார்கள், காரமே இருக்காது. நம் சாம்பார் வெங்காயம் இங்கே எடுபடாது, இனிப்பு வெங்காயம் கிடைக்காவிட்டால் சாதாரண வெங்காயத்தைச் சீவி ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிழிந்து போடுங்கள். முதலில் உப்பு மட்டும் போட்டுப் புரட்டி ஐந்து நிமிடம் விடுங்கள், பிறகு ஷோயு, பிறகு காய்கள், எண்ணெய் கடைசியில். எண்ணெயை முதலில் ஊற்றினால் துண்டுகளை அது மூடிக்கொள்ளும், உப்பு பிடிக்காது.

நம் வீட்டு நல்லெண்ணெய் இதற்கு ஆகாது. இரண்டும் எள்தான், ஆனால் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது, இங்கே வேண்டியது கருக வறுத்த எள்ளின் வாசனை. அதையும் ஒரு டீஸ்பூனுக்கு மேல் போனால் மீன் காணாமல் போய்விடும். எலுமிச்சை, வினிகர் சேர்க்காதீர்கள், புளிப்பு பட்டதும் துண்டுகள் வெளுத்து வேறு பண்டமாகிவிடும். புளிப்போ மிளகாயோ வசாபியோ கிருமியைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம்.

பழைய வகைக்கு ஷோயுவே கிடையாது. மீன், முக்கால் டீஸ்பூன் கல்லுப்பு (செம்மண் கலந்த அலாயா உப்பு கிடைத்தால் அழகு), ஒரு கைப்பிடி நறுக்கிய லிமு, ஒரு டீஸ்பூன் இனமோனா (கீழே விளக்குகிறேன்), மிளகாய். அசல் லிமு கோஹு அயோடின் நெடி அடிக்கும் செம்பாசி, இரவு முழுக்க நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பெடுத்து, உப்பிட்டு உருண்டை பிடித்து வைப்பார்கள். ஹவாய்க்கு வெளியே கிடைப்பது கஷ்டம். அடுத்த தேர்வு ஓகோ, நம் ராமநாதபுரம் கடற்கரையில் கஞ்சிப்பாசி என்று எடுக்கிறார்களே, அதன் சொந்தக்காரப் பாசி. ஜப்பானியக் கடையில் காய்ந்த ஓகோ இல்லையென்றால் வக்காமே போடலாம், ஹிஜிக்கி வேண்டாம், அதில் ஆர்செனிக் அதிகம்.

இனமோனா என்பது வறுத்த குக்குயி கொட்டையை உப்போடு இடித்த பொடி. ஷோயு வகை எல்லோருக்கும் பிடித்துவிடும், இதன் அருமை தெரியக் கொஞ்சம் நாளாகும்: லேசான கசப்பு, புகைவாடை, நாக்கில் தங்கும் எண்ணெய்ப் பிசுக்கு, இவை பச்சை மீனின் வழுவழுப்போடு சேரும்போது ஷோயுவின் நினைப்பே வராது. மலேசியா, சிங்கப்பூரில் வளர்ந்த தமிழர்களுக்கு இந்தக் கொட்டை புதிதல்ல, கறிக்கு அரைத்துப் போடும் புவா கெராஸ் இதேதான், ஆசியக் கடைகளில் கிடைக்கும். பச்சையாக வாயில் போட்டுவிடாதீர்கள், வயிற்றைப் பிடுங்கி எடுத்துவிடும். சின்னத் தீயில் உள்வரை பழுப்பாகி எண்ணெய் விடும்படி வறுத்து, உரலில் உப்போடு கொரகொரப்பாக இடித்து, அந்த ஒரு டீஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பயமாக இருந்தால் மக்கடேமியாவையோ முந்திரியையோ நன்றாகச் சிவக்க வறுத்து இடியுங்கள், முக்கால் வழி வந்துவிடும்.

எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் கலந்த பத்துப் பதினைந்து நிமிடத்தில் சாப்பிட்டுவிடும் கட்சி. இரவு முழுக்க ஊறினால் உப்பு நீரை இழுத்து, துண்டுகள் கருத்து, ரப்பர் மாதிரி இறுகிவிடும். அதுதான் பிடிக்கும் என்கிற ஹவாய்க்காரர்களும் இருக்கிறார்கள். தொட்டுக்கொள்ள அங்கே பீர், அல்லது சேம்பங்கிழங்கை மசித்துச் செய்யும் 'போய்' என்கிற களி, அல்லது சூடான குட்டை அரிசிச் சோறு. பாஸ்மதியில் போட்டால் துண்டும் சோறும் ஒட்டாமல் தனித்தனியாக உதிரும், சோனா மசூரியைக் கொஞ்சம் குழைய வடித்தால் பரவாயில்லை.

ஊரில் இருக்கும் உங்கள் தங்கை சென்னையில் சூரை வாங்கிச் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். காசிமேட்டில் வாங்கும் சூரையைக் குழம்புக்கும் புட்டுக்கும் விட்டுவிடச் சொல்லுங்கள். மீன் பழசு என்பதல்ல, படகிலும் கரையிலும் எவ்வளவு நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, ஹிஸ்டமின் அந்த நேரத்தில்தான் ஏறுகிறது, வீட்டு ஃப்ரீஸரில் வைத்து அதைச் சரிசெய்ய முடியாது. ஹவாயிலேயே வேகவைத்த ஆக்டோபஸில் போடும் போக்கே உண்டு, டோஃபு போக்கேவும் உண்டு. அவித்த இறாலில் இதே ஷோயு மசாலாவைப் போட்டாலும் நன்றாக இருக்கும்.

மீந்துபோனால் மறுநாள் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். ஃப்ரிட்ஜிலேயே இருந்த மீன் என்றால் வாணலியை நன்றாகக் காயவைத்து, துளி எண்ணெயில் ஒரு நிமிடம் புரட்டி, வெளியே சிவந்து உள்ளே லேசாக வெந்ததும் இறக்கிச் சோற்றில் போடுங்கள். ஹவாயில் இதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. மேசையில் இரண்டு மணி நேரம் கிடந்த மீதியை மட்டும் வறுத்தாலும் சாப்பிடாதீர்கள், காரணம் மேலே சொன்ன அதே ஹிஸ்டமின்.